ஊரார் வாங்கிய ஓடுதளம்



இந்த இதழில் சிறு விமான நிலையங்களைப் பற்றி ஒரு சிறப்புப் பகுதி வெளியிட்டிருக்கிறோம். அறிவிப்பைப் பார்த்ததும், "துபாயும் சிங்கப்பூரும் இருக்க, இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் உரிமையோடு கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பெரிய விமான நிலையத்துக்கு நாம் பயணிகளாகப் போகிறோம். வரிசையில் நிற்கிறோம், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறோம். அதற்குமேல் அந்த இடத்தோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நகராட்சிக்குச் சொந்தமான சின்ன நிலையம் ஊர்க் குளத்தைப் போன்றது. தூர் வாருவதா, தூர்த்துவிடுவதா என்று ஊரே கூடி வழக்காடும். அப்படி வழக்காடியே காலம் தள்ளிய ஒரு நிலையத்தின் கதையைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அது கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய கடற்கரை நகரமான சாண்டா மோனிகாவில் இருக்கிறது. மொத்தம் 227 ஏக்கர், ஒரே ஓடுதளம், சுற்றிலும் வீடுகள். நிலையத்தின் சொந்தக்காரர் சாண்டா மோனிகா நகராட்சி. 2028 டிசம்பர் 31-க்குப் பிறகு அதை மூடிவிடும் உரிமையை, பல ஆண்டு வழக்குகளுக்குப் பின், அந்த நகராட்சி பெற்றிருக்கிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் அது வெறும் வயல்வெளி. விமானம் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே இறங்கி ஏறினார்கள். 1918-ல் பிரான்சில் விமானப் பயிற்சியின்போது உயிரிழந்த கிரேயர் க்ளோவர் என்ற இளைஞரின் நினைவாக, 1923 ஏப்ரலில் அந்த வெளிக்கு 'க்ளோவர் ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். 1926-ல் நகராட்சி அந்த நிலத்தை வாங்கியது. பூங்காக்களுக்கென்று கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய பணத்தில் வாங்கியது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலச் சண்டையில் இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப எழுந்து வரும்.

நிலம் நகராட்சியின் கைக்கு வரும் முன்பே அந்த இடத்துக்குப் பெரும் பேர் வந்துவிட்டது. டொனால்டு டக்ளஸ் என்ற பொறியாளர், கைவிடப்பட்ட ஒரு சினிமா ஸ்டூடியோவை எடுத்து விமானம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டியதைப் பறக்கவைக்க க்ளோவர் ஃபீல்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும். அமெரிக்க ராணுவம் உலகைச் சுற்றிவர நான்கு விமானங்கள் கேட்டது. சியாட்டில், சிகாகோ, பாஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த நான்கும் 1924 மார்ச் 17-ஆம் தேதி இங்கிருந்து கிளம்பின. சியாட்டில் நகரில் முறைப்படி பயணம் தொடங்கியது ஏப்ரல் 6-ஆம் தேதி. ஒன்று அலாஸ்காவில் மோதி நொறுங்கியது. இன்னொன்று அட்லாண்டிக்கில் இறங்கி மூழ்கியது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். எஞ்சிய இரண்டும் 175 நாளில் சுற்றை முடித்தன. விமானத்தில் உலகைச் சுற்றி வந்தது அதுவே முதல் தடவை.

அந்தப் பயணத்தில் நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. பசிபிக் கரையோரமாகத் தண்ணீரில் இறங்கி இறங்கி வந்த விமானங்கள், ஜூன் கடைசியில் கல்கத்தா வந்து சேர்ந்தன. அங்கேதான் அடியில் இருந்த மிதவைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களை மாட்டினார்கள். பிறகு அலகாபாத், அம்பாலா, முல்தான் வழியாகக் கராச்சி. நல்ல கோடை. திறந்த இருக்கையில், தலைக்குமேல் கூரை கிடையாது. எதிரே கொதிக்கும் எஞ்சின். அந்தப் பாதையை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்தால், அந்த விமானிகளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும் என்பது புரிகிறது. சிகாகோ விமானம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஐந்து ஆண்டு கழித்து, 1929 ஆகஸ்ட் 18 அன்று, அதே களத்தில் பெண் விமானிகள் வரிசையில் நின்றார்கள். சாண்டா மோனிகாவிலிருந்து ஒஹையோவின் கிளீவ்லாந்து வரை பெண்களுக்கு மட்டுமான போட்டி. அப்போது அமெரிக்காவில் உரிமம் பெற்ற பெண் விமானிகள் நூற்றுச் சொச்சம் பேர்தான். போட்டிக்கு 20 பேர் பெயர் கொடுத்தார்கள். 100 மணி நேரம் தனியாக ஓட்டிய அனுபவம் இருந்தால்தான் சேர முடியும். பாலைவனத்தில் விழுந்துவிட்டால் தாங்குவதற்கு மூன்று நாள் உணவும் ஒரு காலன் தண்ணீரும் கட்டாயம். பத்திரிகைகள் இதை முகப்பவுடர்ப் பந்தயம் என்கிற மாதிரி கேலி செய்தன. அரிசோனாவில் மார்வெல் க்ராஸன் விழுந்து இறந்ததும், "பெண்களுக்கு இது எதற்கு, நிறுத்துங்கள்" என்ற குரல் கிளம்பியது. அவர்கள் நிறுத்தவில்லை. லூயிஸ் தாடன் முதலாவதாக வந்தார்; கனமான விமானங்களின் பிரிவில் அமீலியா எர்ஹார்ட்டுக்கு மூன்றாம் இடம்தான். அதே ஆண்டு நவம்பரில் பெண் விமானிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடக்க உறுப்பினர்கள் 99 பேர் என்பதால் 'நைன்ட்டி நைன்ஸ்' என்று பெயர். இன்றும் அது நடக்கிறது.

அடுத்து டக்ளஸ் தொழிற்சாலை. அது இருபதுகளின் கடைசியிலேயே ஓடுதளத்தின் ஓரத்துக்குக் குடிவந்துவிட்டது. 1933 ஜூலை 1-ஆம் தேதி டிசி-1 என்ற விமானம் முதன்முதலாக எழும்பியது. எழும்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின்கள் இருமின. விமானி கார்ல் கவர் மூக்கைக் கீழே சாய்த்தார், எஞ்சின்கள் உயிர்பெற்றன. மறுபடி மேலே தூக்கினார், மறுபடி அடங்கின. சாய்ப்பதும் தூக்குவதுமாகப் படிப்படியாக உயரம் சேர்த்து, திருப்பிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார். அவிழ்த்துப் பார்த்தால், கார்புரேட்டர்கள் முன்பின்னாக மாட்டப்பட்டிருந்தன. மூக்கு மேலே போனால் உள்ளிருக்கும் மிதவை எரிபொருளை அடைத்துவிடும்படியான அமைப்பு. திருப்பி மாட்டினார்கள், சரியாகிவிட்டது. டிசி-1 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. ஆனால் அதிலிருந்து டிசி-2 பிறந்தது. அதை அகலப்படுத்தி டிசி-3 பிறந்தது. டிசி-3 முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17-ஆம் தேதி, ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டு நிறைந்த நாளில், இதே களத்திலிருந்து.

டிசி-3 என்றால் இளையவர்களுக்குத் தெரியாமல் போகலாம். டகோட்டா என்றால் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதே விமானத்தின் போர்க்கால வடிவம் அது. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி இந்தியப் படைகளை ஸ்ரீநகரில் இறக்கியது டகோட்டாதான். அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, 'சீதா தேவி' என்ற டகோட்டாதான் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்த விமானங்கள் எந்தத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டிருந்தாலும், அவற்றின் உருவம் கோடாக விழுந்த இடமும் முதலில் காற்றில் ஏறிய இடமும் சாண்டா மோனிகா. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் நடுவே கடலைத் தாண்டிப் போனவர்களின் பயணத்தில் அந்தக் கலிஃபோர்னிய ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிற செய்தி.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மூன்று ஷிஃப்ட், இரவு பகல் ஓயாத வேலை. உச்சத்தில் 44,000 பேர், அவர்களில் பெருந்தொகையாகப் பெண்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, ஜப்பானிய விமானங்கள் எந்த நேரமும் வரலாம் என்ற பயம். அவ்வளவு பெரிய தொழிற்சாலையை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது? தோட்டக்கலை வடிவமைப்பாளர் எட்வர்ட் ஹன்ட்ஸ்மன்-ட்ரவுட்டை அழைத்தார்கள். வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் அரங்கக் கலைஞர்களும் கைகொடுத்தார்கள். கம்பங்களை நட்டு, கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையை ஏக்கர் ஏக்கராக விரித்துக் கூரை வேய்ந்தார்கள். வலையின்மேல் மரச்சட்டத்திலும் கித்தானிலும் சின்னச் சின்ன வீடுகள். கம்பியில் மரங்கள், அவற்றுக்குக் கோழி இறகில் இலைகள். ஓடுதளத்துக்குப் புல்வெளி நிறம். பக்கத்துக் குடியிருப்பின் தெருக்கள் தொழிற்சாலைக் கூரையின்மேல் அப்படியே தொடர்வதுபோல வண்ணம் தீட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மேடும் பள்ளமுமான ஒரு சாதாரணக் குடியிருப்பு. கீழே குண்டுவீச்சு விமானங்களும் சரக்கு விமானங்களும் உருவாகிக்கொண்டிருந்தன. இறங்க வந்த சொந்த நாட்டு விமானிகளே இடம் தெரியாமல் திண்டாடியதாகச் சொல்வார்கள்.

கூரைமேல் இருந்தவை போலி வீடுகள். ஆனால் போரின்போதும் அதை ஒட்டியும் ஓடுதளத்தைச் சுற்றிலும் நிஜ வீடுகளே மளமளவென்று எழுந்தன. சன்செட் பார்க் போன்ற பகுதிகளில் குடியேறியவர்கள் பெரும்பாலும் டக்ளஸ் தொழிலாளர்கள். சம்பளமும் அங்கே, சத்தமும் அங்கே. யாரும் முறையிடவில்லை. விமான நிலையத்தை நெருக்குகிற வீடுகளைப் பற்றி இன்று பேசுகிறவர்கள், "நிலையம் இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கினீர்கள்?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். தெரிந்துதான் வந்தார்கள். நிலையம் கூப்பிட்டதால் வந்தார்கள். அப்போது தலைக்குமேல் பறந்தது விசிறி எஞ்சின் விமானம். பின்னால் ஜெட் வந்தபோது பேச்சே மாறிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் டிசி-8 ஜெட் விமானத்தைக் கட்ட டக்ளஸுக்கு நீண்ட ஓடுதளம் தேவைப்பட்டது. நீட்டினால் வீடுகள் போகும். ஊர் ஒப்பவில்லை. நிறுவனம் அந்த வேலையை லாங் பீச்சுக்குக் கொண்டுபோனது. 1975-ல் சாண்டா மோனிகா தொழிற்சாலையும் மூடப்பட்டது. வேலை போய்விட்டது, சத்தம் மட்டும் தங்கிவிட்டது. தனியார் ஜெட் விமானங்கள் வரத்தொடங்கின. அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் நீதிமன்றத்தில் நடந்தவை. நகராட்சி ஜெட்டுக்கு மொத்தமாகத் தடை போட்டது. அது செல்லாது, ஆனால் இரவுக் கட்டுப்பாடும் சத்த வரம்பும் செல்லும் என்று 1979-ல் தீர்ப்பு வந்தது. 1981-ல் நிலையத்தையே மூடிவிட நகர மன்றம் தீர்மானம் போட்டது. 1984-ல் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையோடு ஓர் ஒப்பந்தம்: 2015 வரை நடத்துவோம். இடையில் வேகமான ஜெட் ரகங்களுக்குத் தடை போட்டுப் பார்த்தார்கள். 2011-ல் அதுவும் நீதிமன்றத்தில் தோற்றது.

மத்திய அரசின் கையில் பலமான ஆயுதம் ஒன்று இருந்தது. போரின்போது நிலையத்தை அரசு குத்தகைக்கு எடுத்திருந்தது. 1948-ல் திருப்பிக் கொடுத்தபோது எழுதிய பத்திரத்தில், இது எக்காலமும் விமான நிலையமாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. வாங்கியது நாங்கள், அதுவும் பூங்காவுக்கான பணத்தில் என்று ஊர் சொன்னது. பத்திரத்தைப் படித்துப் பாருங்கள் என்று அரசு சொன்னது. 2014 நவம்பரில் ஊர் மக்கள் வாக்களித்தார்கள். ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்வி. விமானக்காரர்கள் தரப்பில் முன்வைத்த திட்டம் தோற்றது. நிலையம் மூடப்பட்டால் அந்த நிலத்தில் பூங்காவும் விளையாட்டிடமும் திறந்தவெளியும்தான் வர வேண்டும், வேறெதற்கும் மக்களிடம் மறுபடி வாக்குக் கேட்க வேண்டும் என்ற நகராட்சியின் திட்டம் வென்றது. அந்த நிலத்தில் அடுக்குமாடி வந்துவிடுமோ என்று பயந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

2017 ஜனவரியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 2028 முடியும்வரை நடத்துவது. பிறகு நகராட்சி விரும்பினால் மூடிக்கொள்ளலாம். கூடவே, 4,973 அடி ஓடுதளத்தை உடனே 3,500 அடியாகக் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு டிசம்பருக்குள் குறைத்தும்விட்டார்கள். பெரிய ஜெட் விமானங்களுக்கு 3,500 அடி போதாது. நான்கு பேர் உட்காரும் சின்ன செஸ்னாவுக்கு அது தாராளம்.

இன்று அங்கே போனால் என்ன இருக்கிறது? கட்டுப்பாட்டுக் கோபுரம், ஹேங்கர்கள், எரிபொருள் நிரப்பும் இடம், விமானப் பயிற்சிப் பள்ளிகள். வார நாட்களில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை கிளம்பக் கூடாது. சனி, ஞாயிறு என்றால் 8 மணிவரை. சத்தத்துக்கு 95 டெசிபல் எல்லை, மீறினால் நடவடிக்கை. ஒரு பழைய ஹேங்கரில் ஓவியர்கள் வேலை செய்கிறார்கள். பார்க்கர் ஹேங்கரில் விழாக்களும் விருது நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. 2002-ல் மூடப்பட்டு 2012-ல் மறுபடி திறந்த விமான அருங்காட்சியகம் ஒன்று. வளாகத்தில் ஒரு டிசி-3 பார்வைக்கு நிற்கிறது. 2007-ல் திறந்த பூங்காவில் கால்பந்துத் திடலும், நாய்கள் ஓடியாடத் தனி இடமும். ஏஞ்சல் ஃபிளைட் வெஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் அலுவலகமும் இங்கேதான். தூரத்து ஊர்களிலிருந்து சிகிச்சைக்குப் போக வேண்டிய நோயாளிகளை, சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் காசு வாங்காமல் ஏற்றிப்போகிற ஏற்பாடு அது.

வீடுகளின் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. சின்ன விமானங்களின் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலந்திருக்கிறது. கார் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்துப் பல காலம் ஆகிவிட்டது. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் மட்டும் தொடர்கிறது. அந்த ஈயம் மக்கள் நலத்துக்குக் கேடு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் முறைப்படி அறிவித்தது. பயிற்சி விமானம் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதன் கீழே குழந்தைகள் விளையாடும் முற்றம். 2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய பழைய விமானம் கிளம்பியதும் எஞ்சின் நின்று, பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது; அவர் காயங்களோடு பிழைத்தார். மைதானத்தைத் தாண்டினால் வீடுகள்.

என் கருத்தைக் கேட்டால், மூடும் உரிமை அந்த ஊருக்கு உண்டு என்றே சொல்வேன். வாங்கியவர்கள் அவர்கள், மூச்சு விடுகிறவர்களும் அவர்கள். ஆனாலும் ஒரு வருத்தம் எனக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஊரைத் தூங்கவிடாமல் செய்த பெரிய ஜெட் விமானங்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்குப் பெரிய நட்டம் இல்லை. 2028-க்குப் பிறகு இடமின்றி அலையப்போவது முதல்முறை விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த இளைஞர், வாடகை விமானத்தில் மணிக்கணக்கு சேர்த்துக்கொண்டிருக்கும் பெண், நோயாளியை ஏற்றிப்போகும் தொண்டர். ஈயமில்லாத பெட்ரோலும் மின்சார விமானமும் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த முடிவு வந்திருக்கிறது. நகரத்துக்கு நடுவே ஓர் ஓடுதளத்தை இழப்பது சுலபம். புதிதாக ஒன்றைப் போட இனி எந்த நகரத்தாலும் முடியாது. வரப்போகும் பூங்காவை வரைகிறவர்கள் ஓடுதளத்தின் கோட்டையாவது நடைபாதையாக விட்டுவைத்தால், டிசி-3 ஓடிய தரையில் குழந்தைகள் ஓடுவார்கள். அதை நான் மனதார வேண்டுகிறேன்.

இந்த இதழின் சிறப்புப் பகுதியில் இதுபோன்ற நிலையங்களைப் பற்றிய மற்ற கட்டுரைகளைப் படிப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுதளங்கள் கயத்தாறிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் இருக்கின்றன. சோழவரத்து ஓடுதளத்தில் பின்னாளில் கார்ப் பந்தயமே நடந்தது. அவற்றின் அருகே வளர்ந்தவர்கள், பலாலியிலிருந்து டகோட்டாவில் ஏறிய நினைவுள்ளவர்கள், அந்த நினைவுகளைக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள் எங்களுக்கு எழுதுங்கள். பழைய புகைப்படமோ பயணச்சீட்டோ இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இரண்டு இதழ்களிலும் அவற்றுக்காகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்